இரண்டு பட்டனுக்குப் பழகிய கைகள்

கராத்தே வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் உடம்பில் எங்கெல்லாம் வலித்தது என்று யாராவது கேட்டால், வலிக்காத இடத்தைச் சொல்வதுதான் சுலபம். காது வலிக்கவில்லை. மற்றபடி, கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது வலது தொடையைக் கையால் தூக்கிப் படியில் வைத்துவிட்டு, பிறகுதான் மிச்சமிருந்த என்னை மேலே ஏற்றினேன். கழிப்பறையில் உட்கார்ந்தவள் எழ முடியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். குழாய் ஆட்டம் கண்டு இன்றுவரை சொட்டிக்கொண்டிருக்கிறது. "ஐந்துல வளையாதது ஐம்பதுல வளையுமா?" என்று எதிர்வீட்டம்மா கேட்டார். எனக்கு நாற்பத்து மூன்றுதான் ஆகிறது என்று முதலில் திருத்தினேன். வளையும், ஆனால் சத்தம் போட்டுக்கொண்டு வளையும் என்று பிறகு ஒப்புக்கொண்டேன்.

சண்டை போட ஆசைப்பட்டு நான் சேரவில்லை. வாய்ச்சண்டைக்கு எனக்குப் பயிற்சி தேவைப்பட்டதும் இல்லை. ஒரு பத்து நிமிட நடைக்காகச் சேர்ந்தேன். எங்கள் வீடு பாகலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு லேஅவுட்டில் இருக்கிறது. காலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். வீட்டிலிருந்து அதுவரை நடக்க வேண்டும். ஒரு பக்கம் ரோஜாப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூடாரங்கள், மறுபக்கம் இன்னும் வீடு எழும்பாத மனைகளும் அவற்றின் எல்லைக் கற்களும். விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும். பல வருடங்கள் அந்த வழியில் தனியாகத்தான் நடந்தேன்.

ஒரு மார்கழிக் காலையில் பனிக்குள்ளிருந்து ஒரு பைக் எதிரே வந்தது. முதலில் விளக்கு தெரிந்தது, பிறகு ஒரு கை தெரிந்தது. கழுத்திலிருந்த தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போய்விட்டான். நான் கத்தவில்லை, தடுக்கவில்லை, குனியக்கூட இல்லை. நின்றேன். விசாரிக்க வந்த அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "கத்தியிருக்கலாமில்ல?" போனது தங்கம், போகட்டும். மரம் மாதிரி நின்றேனே என்பதுதான் என்னை அரித்தது. மரத்தைக்கூட யாராவது உலுக்கினால் நாலு இலையை உதிர்க்கும்.

அதன் பிறகு என்னால் அந்த வழியில் தனியாகப் போக முடியவில்லை. கால் வாசலைத் தாண்டும், கேட்டைத் தாண்டாது. என் கணவர் பைக்கில் கொண்டுவந்து விட ஆரம்பித்தார். அவருக்கு வேறொரு கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். வீடு வந்து சேர நடுச்சாமம் ஆகிவிடும். கண் அசந்த கொஞ்ச நேரத்தில் என் அலாரம் அடிக்கும். லுங்கிக்கு மேலே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் வண்டியை எடுப்பார். முணுமுணுத்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். தெருவே கேட்கக் குறட்டை விடும் மனிதர், அந்த நாட்களில் குறட்டையே விடவில்லை. அலாரத்துக்குக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டே படுத்திருந்தார்.

ஒரு நாள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டார். வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கி, பண்ணையின் வேலிக் கம்பியில் முட்டி நின்றது. இரண்டு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சை எடுத்தார்.

"வேற கம்பெனி பாத்துக்கலாம். ஒம்போது மணிக்குப் போற மாதிரி."

"மூஞ்சிகூடத் தெரியாத ஒருத்தன், நான் எங்க வேலைக்குப் போறதுன்னு முடிவு பண்ணுவானா?"

"அப்ப இன்னாதான் பண்றது, சொல்லு."

"நான் தனியா நடப்பன். அதுக்கு இன்னா கத்துக்கணுமோ கத்துக்கறன்."

அவர் என் கழுத்தில் கொடி அறுத்த தழும்பைப் பார்த்தார். நான் நடக்க வேண்டும், அவர் தூங்க வேண்டும். என் கராத்தேக்குப் பாடத்திட்டம் அவ்வளவுதான்.

பெண்களுக்கான வகுப்பு, காலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குத் தோதாக, சாயங்காலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. முகூர்த்த நாளென்றால் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். கூடத்தின் தரையில் எவ்வளவு கழுவினாலும் முந்தின பந்தியின் சாம்பார் வாசம் இருக்கும். முதல் நாள் நான் வழுக்கி உட்கார்ந்துவிட்டுத் தரையைக் குறை சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். மற்றவர்கள் யாரும் வழுக்கவில்லை.

சொல்லிக்கொடுத்த மாஸ்டர் என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். பாகலூர்ப் பக்கத்துப் பெண், வீட்டில் கன்னடம், பகலில் ஒரு மின்னணுக் கம்பெனியில் வேலை. கூடத்துக்குள் அவளுக்கு நான் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். கூடத்துக்கு வெளியே அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டு என் பையைத் தூக்கிக்கொண்டு வருவாள். முதல் சில நாட்கள் அந்த வணக்கம் எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. வெள்ளை உடுப்பு வேறு, நாளைக்கு உடம்பு போட்டால் ஆகும் என்று பெரிய அளவாக வாங்கி, கால்சட்டை தரையைக் கூட்டியது. இடுப்பில் கட்டும் வெள்ளைப் பட்டைக்கு முடிச்சுப் போட எனக்கு வரவே இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கு ரிப்பன் கட்டிப் பள்ளிக்கு அனுப்பியவளுக்குத் தன் இடுப்பில் ஒரு முடிச்சுப் போடத் தெரியவில்லை.

நாலு வாரத்தில் பறந்து பறந்து உதைக்கலாம் என்று நினைத்திருந்தேன். நாலு வாரமும் நிற்கத்தான் சொல்லிக்கொடுத்தாள். கால் எவ்வளவு அகலம், முட்டி எங்கே, எடை எந்தக் காலில். பிறகு அப்படியே நடப்பது. பிறகு விழுவது. வளர்ந்த மனுஷிக்கு விழக் கற்றுக்கொள்வது லேசில்லை. விழுந்தால் யார் பார்க்கிறார்கள் என்று முதலில் தலை திரும்பிவிடுகிறது. இடது என்றால் வலது வருகிறது. நேற்று வந்தது இன்று வரவில்லை. என் வயதில் புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வலி சீக்கிரம் பழகிவிடும், வெட்கம்தான் தாமதமாகப் போகும்.

"எப்ப மாஸ்டர் அடிக்கச் சொல்லித் தருவீங்க?" என்று ஒரு நாள் பொறுமையில்லாமல் கேட்டேன்.

"அக்கா, இது அவன அடிக்கறதுக்கு இல்ல. நீங்க வீடு போய்ச் சேர்றதுக்கு," என்றாள். "ஒதுங்கணும், கத்தணும், ஓடணும். அடிக்கறது கடைசி."

ஓடுவதற்குத்தான் இவ்வளவு நாளும் நின்றேனா என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் மறுநாள் போனேன்.

ஜோடியாகச் செய்யும் பயிற்சி தொடங்கியபோதுதான் என் பிரச்சினை வெளியே வந்தது. என் ஜோடி, சூளகிரிப் பக்கத்தில் சொந்த நிலத்தில் ரோஜாப் பண்ணை வைத்திருக்கும் குடும்பத்து அம்மா. என்னைவிட மூத்தவர், வீட்டில் தெலுங்கு, கை ஒவ்வொன்றும் கட்டை மாதிரி. அவர் என் தோளைப் பிடிக்க மெதுவாகக் கையை நீட்டிக்கொண்டு வர வேண்டும்; நான் பின்னால் ஒரு அடி வைத்து, கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். குழந்தைகூடச் செய்துவிடும். அவர் கை வந்தது. என் இரண்டு கைகளும் முகத்துக்கு வராமல் விலகி, இடுப்புக்கு மேலே ஆளுக்கொரு பக்கமாகப் போய், உள்ளங்கை விரிந்து நின்றன. என் முகமும் கழுத்தும் வா என்று திறந்து கிடந்தன. மறுபடி செய்தோம். மறுபடியும் அப்படியே.

"நில்லி, நில்லி," என்று கன்னடத்தில் நிறுத்தினாள் மாஸ்டர். "இது இன்னாக்கா? கை ரெண்டும் ஆரத்தித் தட்டு வாங்கப் போவுதா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த வாரம் முழுக்க அதே கதை. மெதுவாக வந்தாலும் வேகமாக வந்தாலும் என் கைகள் பக்கத்துக்கு ஒன்றாகப் போய் நின்றன. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சரியாகச் செய்வேன். எதிரே ஒரு கை வந்தால் போச்சு. மரம் மரம்தான் என்று எனக்குள் ஒரு குரல் சொல்ல ஆரம்பித்தது. வேறு கம்பெனி பார்த்துவிடலாமா என்று அந்த வாரம்தான் முதல்முறையாக யோசித்தேன்.

பதில் என் வேலையிடத்திலேயே இருந்தது. எங்கள் கம்பெனியில் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு பட்டன்களையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் கனம் கீழே இறங்கும். ஒரு கை எடுத்தாலும் நின்றுவிடும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அன்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மெஷின் முன்னால் நிற்க, நான் பக்கத்தில் நின்று கவனித்துக்கொண்டிருந்தேன். தகடு வைத்தாள். கைகள் விலகின. ஆளுக்கொரு பக்கம், இடுப்புக்கு மேலே, உள்ளங்கை விரிந்து. முகத்துக்கு நேரே அத்தனை கனமும் இறங்கியது. அவள் கண்கூடச் சிமிட்டவில்லை.

லைன் லீடர் ஆவதற்கு முன்னால் எத்தனை வருடம் நான் அதே இடத்தில் அப்படி நின்றிருக்கிறேன். முகத்துக்கு எதிரே எது வந்தாலும் கையை இரண்டு பக்கமும் விலக்கி அசையாமல் நில், உனக்கு ஒன்றும் ஆகாது என்று என் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பனிக்குள்ளிருந்து அந்தக் கை வந்தபோது நான் மரமாகிப்போய் நிற்கவில்லை. என் கைகள் தங்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பைத் தேடி இரண்டு பட்டன்களுக்குப் போயிருக்கின்றன. அங்கே பட்டன் இல்லை, அவ்வளவுதான். கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை. இத்தனை மாதமாக நான் திட்டிக்கொண்டிருந்த கைகளைப் பார்த்துத்தான் அழுகை வந்தது. அவற்றில் பத்து விரலும் இருந்தன.

சாயங்காலம் மாஸ்டரிடம் சொன்னேன், நின்று காட்டினேன்.

"அந்தப் பழக்கத்த விட்டுடாதீங்கக்கா. நாளைக்கு மெஷின்ல கை போயிட்டா?" என்றாள். "கை பக்கத்துக்கே போகட்டும். போன எடத்துலருந்து மேல வரட்டும்."

பண்ணையம்மா இதைக் கேட்டதும், "அப்பிடின்னா எனக்கும் ஒண்ணு இருக்குது," என்றார். அவருக்குக் காலைப் பின்னால் வைக்கவே வராது. ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே நிற்கிற இடம் குறுகல்; பின்னால் கால் வைத்தால் செடி போகும், முள்ளும் குத்தும். எத்தனை வேகமாகக் கை வந்தாலும் அவர் முன்னால்தான் போவார், எதிரே இருப்பவள் பாவம். தொழில் ஒவ்வொருத்தர் உடம்பிலும் ஒரு கணக்கைப் போட்டு வைத்திருக்கிறது. நாங்கள் வெள்ளைப் பட்டை கட்டினோமே தவிர, வெள்ளைத் தாளாக வரவில்லை.

அதிலிருந்து எனக்கென்று ஒரு முறை வந்தது. கை பக்கத்துக்கு விலகும், விலகிய அதே வேகத்தில் உடம்பு பக்கவாட்டில் ஒதுங்கும், கை கீழிருந்து முகத்துக்கு ஏறும். பண்ணையம்மா அலுக்காமல் கையை நீட்டிக்கொண்டு வந்தார். மாதங்கள் போயின. ஒரு நாள் கம்பெனியில் என் முன்னால் ஒரு தகடு நழுவி விழுந்தபோது, என்னை அறியாமல் இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் போய் நின்றன. "இன்னாம்மா, மெஷின கும்புடறியா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தை அவரிடம் விளக்க முடியவில்லை.

மிச்சம் இருந்தது கத்துவது. அது கைகளைவிடக் கஷ்டம். பிரஸ் ஷாப்பில் காதடைப்பான் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கையால்தான் பேசுவோம்; கத்தினாலும் யாருக்கும் கேட்காது, அதனால் கத்துவதே கிடையாது. வீட்டில் திட்டுவதெல்லாம் கணக்கில் வராது, அது வேறு குரல். அடிவயிற்றிலிருந்து கத்தச் சொன்னால் எனக்குப் பூனைக்குட்டிச் சத்தம்தான் வந்தது. ஆவணியில் ஒரு முகூர்த்த நாள், நாங்கள் மொட்டை மாடியில் இருந்தோம். கீழே வரவேற்புக்குத் தவிலும் நாதஸ்வரமும் முழங்கின. "இந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கப்போவுது, கத்துங்கக்கா," என்றாள் மாஸ்டர். கத்தினேன். "இன்னும்," என்றாள். இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து நான் கத்தவும், கீழே மேளம் சட்டென்று நிற்கவும் சரியாக இருந்தது. மண்டபத்து வாசலில் நின்ற சொந்தபந்தம் அத்தனையும் அண்ணாந்து பார்த்தது. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர் படியேறி வந்து, மேலே யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். பண்ணையம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு என் வெட்கம் இறங்கிப்போனது, திரும்பி வரவில்லை.

மறுபடியும் மார்கழி வந்தது. முகூர்த்தம் இல்லாத மாதம், கூடம் முழுக்க எங்களுடையது. என் கணவர் இன்னும் என்னை பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து நடக்கிறேன் என்று நான் சொல்வதும், பனி குறையட்டும் என்று அவர் சொல்வதுமாக ஓடிக்கொண்டிருந்தது. பனி அவருக்கு ஒரு சாக்கு. அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் சாக்குதான்.

ஒரு காலை அலாரம் அடிப்பதற்கு முன்பே விழிப்பு வந்தது. அலாரத்தை அணைத்தேன். அவர் அசையவில்லை. சத்தமில்லாமல் கிளம்பி கேட்டைத் திறந்து வெளியே காலை வைத்தேன். கூடாரங்களின் பிளாஸ்டிக் மேல் பனி சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பாதி வழியில், போன வருடம் நின்ற அதே இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், எதிரே ஒற்றை விளக்கு தெரிந்தது. பைக். விளக்கு நேராக என்னிடம் வந்து வேகம் குறைந்தது, ஒரு கை உயர்ந்தது. என் கைகள் பக்கத்துக்கு விலகின. விலகி, மேலே வந்தன. நான் எல்லைக் கல் பக்கம் ஒதுங்கி நின்று கத்திக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் என்னுடையது என்று எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"பாலும்மா! பாலு! பாலு!" என்று அலறியது எதிர்க்குரல். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர். வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி நின்றார். தெரிந்த முகமாயிற்றே என்று வணக்கம் சொல்லத்தான் கையைத் தூக்கியிருக்கிறார். கேனிலிருந்து பால் ரோட்டில் ஓடியது. மன்னிப்புக் கேட்டு வண்டியை நிமிர்த்திக் கொடுத்தேன். அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நான் மிச்ச வழியையும் நடந்தேன்.

மெயின் ரோட்டில் ஏறி நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, தெருவிளக்குக்குக் கீழே, லுங்கியும் ஸ்வெட்டருமாக என் கணவர் நின்றுகொண்டிருந்தார். வண்டி இல்லை. காலடிச் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது என்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். கேட்டிலிருந்தே பின்னால் வந்திருக்க வேண்டும். நான் கத்தியதும் ஓடிவந்திருக்க வேண்டும். வந்தவர் பால்காரரைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்று, மறுபடியும் பின்னாலேயே நடந்து வந்திருக்க வேண்டும். என்னைக் கூப்பிடவில்லை, கையும் காட்டவில்லை. பஸ் வந்து நான் ஏறும்போது, செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

இரவு வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், "இன்னைக்கு நம்ம தெருவுக்குப் பால் வரலயாம்," என்றார். நான் மோரை ஊற்றினேன்.

மறுநாள் காலையில் அலாரம் அடித்தது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் தலை சீவி, டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டைத் திறக்கும்போது, ஒரு வருடத்துக்குப் பிறகு, உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.